பாலாற்றுத் தோல் மண்டலம்: ஊராட்சியும் நிறுவனச் சமூகப் பொறுப்பும்

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பாலாற்றை ஒட்டி அமைந்துள்ள தோல் பதனிடும் ஊர்களின் தொடரே பாலாற்றுத் தோல் மண்டலம் எனப்படுகிறது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகியவை இதன் முதன்மையான ஊர்கள். 2019 நவம்பரில் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்படும் வரை இவை எல்லாம் ஒரே வேலூர் மாவட்டத்தில் இருந்தன. ஆம்பூர் என்றதும் பலருக்குப் பிரியாணி நினைவுக்கு வரும். ஆனால் அந்த ஊரின் வருமானம் தோலிலும் காலணியிலும் இருக்கிறது.

இப்பகுதிக் கிராமம் ஒன்றில் நிறுவனத்தின் பெயர்ப்பலகையோடு ஒரு குடிநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரம் நிற்பதாக வைத்துக்கொள்வோம். அதே கிராமத்தின் கிணற்று நீர் உப்புக் கரிக்கிறது. அப்படியானால் அந்த இயந்திரம் நிறுவனம் ஊருக்கு அளித்த கொடையா, ஊருக்குத் திருப்பித் தர வேண்டிய கடனா? கிராமப்புற வளர்ச்சி, உள்ளாட்சி, நிறுவனச் சமூகப் பொறுப்பு என்று பாடநூல்கள் தனித்தனி அத்தியாயங்களாகச் சொல்பவை மூன்றும் இந்தக் கேள்வியில் ஒன்றாகச் சந்திக்கின்றன. இதற்குச் சட்டத்தில் தெளிவான விடை உண்டு. அதை அறிந்தவர்கள்தான் குறைவு.

ஆறும் தொழிலும்

கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றும் பாலாறு 348 கிலோமீட்டர் ஓடிக் கடலில் கலக்கிறது. அதில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில் உள்ளது. ஆண்டின் பெரும்பகுதி மணல்தான் கண்ணுக்குத் தெரியும். நீர் மணலுக்கு அடியில் ஓடும். கரையோரக் கிணறுகளும் ஊற்றுகளும் அந்த அடிநீரை நம்பியே இருந்தன. மேலே ஓடும் ஆற்றில் கழிவு கலந்தால் அடுத்த வெள்ளம் ஓரளவு அடித்துச் செல்லும். மணலுக்கு அடியில் இறங்கிய உப்பு அவ்வளவு எளிதில் நகராது. பாலாற்றுச் சிக்கலின் வேர் இந்த இயற்கை அமைப்பில் இருக்கிறது.

முன்பு ஆவாரம் பட்டை, கடுக்காய் போன்ற தாவரப் பொருள்களைக் கொண்டே இங்கே தோல் பதனிடப்பட்டது. அரைகுறையாகப் பதனிட்ட தோல் வெளிநாடுகளுக்குச் சென்றது. 1972இல் சீதாராமையா குழு, பச்சைத் தோலையும் அரைப்பதத் தோலையும் ஏற்றுமதி செய்வதைக் குறைத்து, முழுமையாகப் பதனிட்ட தோலையும் தோல் பொருள்களையும் ஊக்குவிக்கப் பரிந்துரைத்தது. வேலை வாய்ப்புக்கும் அந்நியச் செலாவணிக்கும் அது நல்ல முடிவு. ஆனால் அதன் பின்னர் குரோமிய உப்பைக் கொண்டு பதனிடும் முறை பரவலாயிற்று. வேதிப்பொருள்களும் கழிவும் பெருகின. கொள்கை வகுத்தது டெல்லி. கழிவு நீர் தேங்கியது வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும்.

குரோமியத்தைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். அதைக் கழிவு நீரிலிருந்து பிரித்து மீண்டும் பயன்படுத்த வழி உண்டு. உண்மையில் அதைவிடப் பிடிவாதமானது சாதாரண உப்பு. ஆட்டுத் தோலும் மாட்டுத் தோலும் கெடாமலிருக்க உப்பிட்டே ஆலைக்கு வருகின்றன. முதல் ஊறலிலேயே அந்த உப்பு நீரில் இறங்கிவிடுகிறது. வழக்கமான சுத்திகரிப்பு நிலையம் அழுக்கையும் நாற்றத்தையும் நீக்கினாலும் கரைந்த உப்பை நீக்காது. தெளிந்த நீர் வெளியே வரும். அதை வயலுக்குப் பாய்ச்சினால் பயிர் கருகும்.

1996ஆம் ஆண்டுத் தீர்ப்பு

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடர்ந்தது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. இந்தியச் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் மாணவர் எவரும் இந்தத் தீர்ப்பைத் தாண்டிச் செல்ல முடியாது. நாட்டின் பதனிட்ட தோல் ஏற்றுமதியில் சுமார் 80 விழுக்காடு தமிழ்நாட்டுடையது என்பதை நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. அதே தீர்ப்பில், தோல் மண்டலத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போனதாகச் சொன்ன ஆய்வும் குறிப்பிடப்பட்டது.

இரண்டு கோட்பாடுகள் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று தீர்ப்பு அறிவித்தது. ஒன்று முன்னெச்சரிக்கைக் கோட்பாடு: கேடு விளையும் என்று முழுமையாக நிறுவப்படும் வரை காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும், தன் செயலால் கேடில்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு தொழில் நடத்துபவருடையது. மற்றொன்று, மாசுபடுத்துபவரே செலுத்த வேண்டும் என்பது. பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தருவதோடு இது முடிவதில்லை. கெட்டுப்போன மண்ணையும் நீரையும் மீட்கும் செலவும் இதில் அடங்கும்.

ஒவ்வோர் ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதியின் தலைமையில் ஓர் ஆணையத்தை அமைத்து, இழப்பை மதிப்பிட்டு வசூலித்து வழங்க வேண்டும் என்று உத்தரவிடப்பட்டது. சூழல் இழப்பு ஆணையம் இவ்வாறு உருவானது.

இழப்பீட்டுக் கணக்கு

ஆணையம் 2001 மார்ச் 7 அன்று தன் முதல் தீர்வை அறிவித்தது. அதன்படி பாதிக்கப்பட்டோர் 29,193 பேர். இழப்பீட்டுத் தொகை சுமார் 26 கோடியே 82 லட்சம் ரூபாய். கணக்கில் எடுக்கப்பட்ட காலம் 1991 முதல் 1998 வரை.

செய்தித்தாளில் 26 கோடி என்று படிக்கும்போது பெரிய தொகையாகத் தோன்றும். 29,193ஆல் வகுத்துப் பார்த்தால் சராசரியாக ஒருவருக்கு 9,187 ரூபாய் வருகிறது. ஏழு ஆண்டுகளுக்கு அது ஆண்டொன்றுக்குச் சுமார் 1,300 ரூபாய். ஒரு பருவ விளைச்சலின் நட்டத்துக்குக்கூட அது ஈடாகாது. அந்தத் தொகையும் எல்லோருக்கும் உரிய காலத்தில் போய்ச் சேரவில்லை.

வழக்குகள் தொடர்ந்தன. 2025 ஜனவரி 30 அன்று நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் ஆகியோர் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு மீண்டும் தீர்ப்பளித்தது. இன்னும் தொகை பெறாதவர்களுக்கு மாநில அரசு ஆறு வாரத்துக்குள் வழங்கிவிட்டு, பிறகு மாசுபடுத்தியவர்களிடமிருந்து வசூலித்துக்கொள்ள வேண்டும் என்றது. ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதியின் தலைமையில் குழு அமைத்து ஆற்றின் நிலையைக் கண்காணிக்கவும் உத்தரவிட்டது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே 28 ஆண்டுகள் கடந்திருந்தன. 1996இல் முப்பது வயதில் மனுக் கொடுத்த உழவர் இன்று அறுபதை நெருங்கியிருப்பார்.

பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள்

சிறு ஆலை ஒவ்வொன்றும் தனியே சுத்திகரிப்பு நிலையம் கட்ட இயலாது என்பதால், பல ஆலைகள் சேர்ந்து பொது நிலையங்களை அமைத்தன. வாணிடெக், ஆம்பூர்டெக், விஷ்டெக், ராணிடெக் என்பவை அவற்றுள் சில. உறுப்பினர் ஆலைகளே பங்குதாரர்களாக உள்ள நிறுவனங்கள் இவை. அரசு மானியமும் உண்டு. பிற்காலத்தில் துளி நீரும் வெளியேறாத முறை வலியுறுத்தப்பட்டது. கழிவு நீர் சவ்வுகள் வழியே வடிகட்டப்பட்டு ஆலைக்கே திரும்புகிறது. எஞ்சும் கரைசல் ஆவியாக்கப்பட்டு உப்பாகிறது. இதற்கு மின்சாரச் செலவு மிகுதி. கிடைக்கும் கலப்பு உப்பை எங்கே கொட்டுவது என்பதும் தீராத சிக்கலாக உள்ளது.

கசடும் அப்படித்தான். 2015 ஜனவரி 31 அதிகாலையில் இராணிப்பேட்டையில் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்து ஆலையில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் 10 பேர் இறந்தனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அதே இராணிப்பேட்டையில், 1990களில் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் தொழிற்சாலையின் வளாகத்தில் லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவு விட்டுச் செல்லப்பட்டது.

இரண்டு விழுக்காடு விதி

2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆவது பிரிவு நிறுவனச் சமூகப் பொறுப்பை இந்தியாவில் சட்டக் கடமையாக்கியது. 2014 ஏப்ரல் 1 முதல் இது நடைமுறையில் உள்ளது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி ரூபாய், நிகர லாபம் 5 கோடி ரூபாய் என்ற மூன்று வரம்புகளில் ஏதேனும் ஒன்றை முந்தைய நிதியாண்டில் எட்டிய நிறுவனம், கடந்த மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். ஒரு காலணி நிறுவனம் மூன்று ஆண்டுகளில் 6, 9, 12 கோடி லாபம் ஈட்டியிருந்தால் சராசரி 9 கோடி. கடமைத் தொகை 18 லட்சம்.

இந்த விதி நிறுவனங்களை மட்டுமே கட்டுப்படுத்தும். தனியுரிமைத் தொழிலுக்கும் கூட்டாண்மைத் தொழிலுக்கும் இது பொருந்தாது. தோல் மண்டலத்தில் பல ஆலைகள் குடும்பத்தார் நடத்தும் சிறு தொழில்கள். அவை கம்பெனியாகப் பதிவு செய்யப்பட்டிருந்தாலும் 5 கோடி லாபத்தை எட்டுவது அரிது. ஆகவே ஆற்றுக்கு மிக அருகில் இருக்கும் பல ஆலைகளைப் பொறுத்தவரை இரண்டு விழுக்காடு என்ற பேச்சுக்கே இடமில்லை. தோலை வாங்கித் தைத்து ஏற்றுமதி செய்யும் பெரிய நிறுவனங்களுக்கே அது பொருந்துகிறது.

இதனால் இப்பகுதி வணிகர்கள் ஊருக்கு எதுவும் செய்யவில்லை என்று சொல்வது நியாயமாகாது. சட்டம் வருவதற்கு நெடுங்காலம் முன்பே தோல் வணிகர்கள் கல்விக்கு வாரி வழங்கியிருக்கிறார்கள். 1919இல் தொடங்கப்பட்ட வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி, தோல் வணிகரும் வள்ளலுமான சி. அப்துல் ஹக்கீமின் பெயர் தாங்கி 1965 முதல் நடக்கும் மேல்விஷாரம் கல்லூரி, ஆம்பூர் மஸ்ஹருல் உலூம் கல்லூரி ஆகியவற்றில் படித்து முன்னேறியவர்கள் ஏராளம். அவை உண்மையான கொடைகள். ஆனால் கல்லூரி கட்டியது ஒரு கணக்கு. கிணறு கெட்டது வேறொரு கணக்கு. ஒன்றைக் காட்டி மற்றொன்றை நேர் செய்ய முடியாது.

சட்டமும் இதையே சொல்கிறது. வழக்கமான வணிகத்தின் பகுதியாகச் செய்யும் செயல்கள் சமூகப் பொறுப்புக் கணக்கில் சேரா. தன் ஊழியர்களுக்கு மட்டும் பயன்படுபவையும் சேரா. 2021இல் திருத்தப்பட்ட விதிகள் மேலும் தெளிவாக, வேறு எந்தச் சட்டத்தின் கீழும் உள்ள கடமையை நிறைவேற்றும் செலவு சமூகப் பொறுப்பாகாது என்று விலக்கின. ஆகவே சுத்திகரிப்பு நிலையத்துக்கான பங்குத் தொகை, கசடு அகற்றும் செலவு, ஆணையம் விதித்த இழப்பீடு ஆகிய எதையும் இரண்டு விழுக்காட்டில் எழுத முடியாது. அவை தீர்க்க வேண்டிய கடன். கடனைத் தீர்த்த பிறகு வருவதே சமூகப் பொறுப்பு. தன் ஆலையால் கெட்ட கிணற்றுக்கு மாற்றாக ஒரு நிறுவனம் ஆர்.ஓ. இயந்திரம் வைத்துத் தந்தால், ஊர் மக்கள் அதை ஏற்றுக்கொள்ளலாம்; ஆனால் இழப்பீட்டு உரிமை அதனால் தீர்ந்துவிடாது.

ஊராட்சியின் இடம்

1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம் ஊராட்சிகளை மூன்றடுக்கு அமைப்பாக நிலைநிறுத்தியது. பதினோராவது அட்டவணை 29 துறைகளை அவற்றுக்கு உரியவையாகப் பட்டியலிடுகிறது. குடிநீர், சிறுதொழில், கல்வி, சுகாதாரம் எல்லாம் அதில் உள்ளன. 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் குடிநீர் வழங்குவதைக் கிராம ஊராட்சியின் கட்டாயக் கடமைகளுள் ஒன்றாக வைத்தது.

கடமை ஊராட்சியிடம் இருக்க, கழிவைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் இருக்கிறது. 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின்படி ஆலைக்கு இசைவாணை வழங்குவதும் மறுப்பதும் வாரியமே. ஆற்றைக் கெடுப்பதைத் தடுக்க ஊராட்சித் தலைவருக்கு அதிகாரம் குறைவு. கெட்ட பின் மாற்று நீர் தேடும் பொறுப்பு மட்டும் அவருடையது. பாலாற்றங்கரை ஊர்களுக்குக் காவிரியிலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் வழியே தண்ணீர் கொண்டுவர வேண்டியதாயிற்று. ஓர் ஆற்றின் கரையில் இருப்பவர்கள் மற்றோர் ஆற்றின் நீரைக் குடிக்கிறார்கள். அந்தக் குழாய்க்கான செலவு பொதுமக்களின் வரிப்பணம்.

ஊராட்சி உறுதியாக நின்றால் என்ன நடக்கும் என்பதற்குக் கேரளத்தின் பிளாச்சிமடை ஒரு சான்று. பாலக்காடு மாவட்டத்தின் பெருமாட்டி கிராம ஊராட்சி, நிலத்தடி நீர் வற்றிக் கெடுவதைக் காட்டி 2003இல் கோக்கோ கோலா ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. உயர் நீதிமன்றத்தின் மேல் அமர்வு பின்னர் ஊராட்சிக்கு எதிராகத் தீர்ப்பளித்த போதிலும், 2004 மார்ச்சில் நின்ற ஆலை மீண்டும் முறையாக இயங்கவில்லை. ஆனால் அங்கே ஒரே ஓர் ஆலை. ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதியில் நூற்றுக்கணக்கான ஆலைகள். ஊரிலேயே பலருக்குச் சோறு போடுவதும் அவைதான். காலணி ஆலைகளுக்குச் சுற்றுக் கிராமங்களிலிருந்து பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலைக்குப் போகிறார்கள். ஆலையை மூடு என்று இங்கே எளிதில் சொல்லிவிட முடியாது.

இன்னொரு குறையும் இருந்தது. ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. மற்ற மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்தல் நடந்தபோது, புதிதாகப் பிரிக்கப்பட்ட மாவட்டங்கள் என்பதால் இந்த மூன்றும் விடுபட்டன. இங்கே தேர்தல் நடந்தது 2021 அக்டோபரில். ஐந்து ஆண்டுகள் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரோ உறுப்பினரோ இல்லாமல் தனி அலுவலர்களே ஊராட்சிகளை நடத்தினார்கள். நிறுவனச் சமூகப் பொறுப்பு நிதி வளர்ந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், அதை ஊர் சார்பில் பேசிப் பெற ஆளில்லை.

சமூகப் பொறுப்புத் தொகையை எதில் செலவிடுவது என்பதை முடிவு செய்வது நிறுவனத்தின் இயக்குநர் குழு. கிராம சபையைக் கேட்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. தொழில் நடக்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று மட்டும் சொல்கிறது. விளைவு, எது தேவையோ அதைவிட எதைப் படம் பிடிக்க முடியுமோ அது முந்திக்கொள்கிறது. இயந்திரத்தை ஒப்படைத்த பின் மின் கட்டணமும், சில ஆண்டுகளில் சவ்வு மாற்றும் செலவும் ஊராட்சியின் தலையில் விழுகின்றன. பராமரிப்புக்கு யார் பொறுப்பு என்று ஒப்படைக்கும்போதே எழுதி வாங்கிக்கொள்ளும் ஊராட்சிக்கு இந்தத் தொல்லை இல்லை. சமூகப் பொறுப்பு நிதியில் உருவாகும் சொத்தை ஊராட்சி போன்ற பொது அமைப்பின் பெயரில் வைக்க 2021 திருத்தம் வழி செய்கிறது.

நாகநதி

வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் ஓடும் நாகநதி பல ஆண்டுகள் வறண்டு கிடந்தது. தேசிய ஊரக வேலை உறுதித் திட்டத்தின் கூலியைக் கொண்டு, கிராமப் பெண்களே நீர் செறிவூட்டும் கிணறுகளை வெட்டினார்கள். கல் தடுப்பணைகள் கட்டினார்கள். ஒரு தொண்டு அமைப்பு தொழில்நுட்ப வழிகாட்டுதல் தந்தது. இங்கே அரசின் கூலிப் பணம், ஊராட்சியின் நிருவாகம், வெளியாரின் அறிவு மூன்றும் ஒரே திட்டத்தில் சேர்ந்தன. பிரதமரின் வானொலி உரையில் 2021இல் இது குறிப்பிடப்பட்டது. நாகநதியில் தோல் கழிவுச் சிக்கல் இல்லை என்பதால் பாலாற்றுக்கு இது முழு விடையாகாது. நீரைப் பெருக்கலாம், மண்ணிலுள்ள உப்பைப் பெண்கள் மண்வெட்டியால் எடுக்க முடியாது.

கிராம சபையில் கேட்கக்கூடியவை

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடுகிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் என்பதால், குடிநீர் பற்றிப் பேசப் பொருத்தமான கூட்டம் அதுவே.

தங்கள் எல்லையிலுள்ள ஆலைகளின் பட்டியலையும், எவற்றுக்கு இசைவாணை நடப்பில் உள்ளது என்பதையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே வாரியத்திடம் கேட்டுப் பெறலாம். கிணற்று நீரின் ஆய்வறிக்கையைத் தீர்மானத்தோடு இணைக்கலாம். இரண்டு விழுக்காடு வரம்புக்குள் வரும் நிறுவனம் எது, எவ்வளவு செலவிட்டது என்பதை அந்நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் காணலாம். தேவைகளை முன்கூட்டியே கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் எழுதி வைத்தால், நிதி தர வரும் நிறுவனத்திடம் காட்ட ஊரின் கையில் ஒரு பட்டியல் இருக்கும். பங்குத் தொகை கிடைத்தால் 'நமக்கு நாமே' திட்டத்தின் கீழ் அரசுப் பணத்தையும் சேர்த்துப் பெறலாம். அரசுப் பள்ளிக்கான நன்கொடையென்றால் 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டம் உள்ளது.

வெளிநாட்டு வாங்குநர்களின் அழுத்தமும் ஊருக்குப் பயன்படலாம். 1989இல் ஜெர்மனி பென்டாகுளோரோபீனால் என்ற பூஞ்சைக்கொல்லியைத் தடை செய்தபோது, உள்ளூர் மனுக்கள் பல ஆண்டுகளில் செய்யாததை ஒரு தடை விரைவில் செய்தது. தமிழ்நாட்டு ஆலைகள் மாற்றுப் பொருளுக்கு மாறின. 2023 ஜனவரி முதல் நடப்புக்கு வந்த ஜெர்மனியின் வழங்கல் சங்கிலிச் சட்டத்தின்படி, அங்குள்ள பெரிய நிறுவனங்கள் தங்களுக்குச் சரக்கு வழங்குவோரிடம் நடக்கும் மனித உரிமை மீறல்களையும் சில சுற்றுச்சூழல் கேடுகளையும் கவனிக்க வேண்டும். குடிநீரைக் கெடுக்கும் மாசும் அதில் அடங்கும். அந்த நிறுவனங்கள் புகார் பெறும் முறை ஒன்றையும் வைத்திருக்க வேண்டும். ஆம்பூரை அடுத்த துத்திப்பட்டு போன்ற ஓர் ஊராட்சியின் கிராம சபைத் தீர்மானமும் நீர் ஆய்வறிக்கையும் அந்த முறையின் வழியே அனுப்பத்தக்க ஆவணங்களே.